கீழ்க் கோட்டில் எழுதிய விண்ணப்பம்

சதுரங்கப்பட்டினத்துச் சபை ஒன்றில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் பிறக்கும் காலையில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பார். அதில் இரண்டு கோடு. மேல் கோட்டில் அடுத்தவருக்கு வேண்டியதை எழுத வேண்டும், கீழ்க் கோட்டில் தனக்கு வேண்டியதை. உறையில் போட்டுப் பேர் எழுதிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருஷப் பிறப்பன்று அவரவர் உறை அவரவர் கைக்கு வரும்.

விஜயகுமாரி இருபது வருஷமாகச் சீட்டு எழுதுகிறாள். ஐந்தாவது வரை படித்த எழுத்து, குண்டு குண்டாக இருக்கும். மேல் கோட்டில் தம்பி மகன் ஜான்சனுக்கு வேலை, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நிரப்பிவிடுவாள். கீழ்க் கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். எனக்கென்ன, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மடித்து உறையில் போட்டுவிடுவாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு ரூம் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூம். விரிப்பு மாற்றி, பாத்ரூம் கழுவி, மணலைப் பெருக்கித் தள்ள வேண்டும். தள்ளின மணல் மறுநாள் காலையில் அதே இடத்தில் வந்து கிடக்கும். இப்படிப் பதினோரு வருஷம். வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. குனிந்து நிமிர்ந்தால் முழங்கால் சத்தம் போடுகிறது.

டிசம்பர் நடுவில், சூப்பர்வைசராக இருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போவதாகச் சொன்னாள். அந்த இடம் காலி. மேனேஜர் ஃபர்தீன் கோவளத்துக்காரர். அவர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ‘புத்தாண்டில் உங்கள் வேலை இலக்கு’ என்று மேலே ஒரு கட்டம், ‘சொந்த இலக்கு’ என்று கீழே ஒரு கட்டம்.

“இலக்குன்னா இன்னாக்கா?” என்று கேட்டாள் வேண்டா. எட்டு வருஷமாக இவளோடு ரூம் பிரித்துச் செய்கிறவள்.

“அடுத்த வருசம் நீ இன்னா ஆவணும்னு எழுதணுமாம்.”

“முதுகு நிமிரணும்னு எழுதிடறேன். எனக்கு வேற இன்னா கீது?”

அன்று சாயங்காலம் விஜயகுமாரி தாளும் கையுமாக உட்கார்ந்தாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவன் ஆபிரகாம், “இன்னா, பரீட்ச எழுதிகினு கீற? பாஸானா சொல்லு, மாலை வாங்கியாரேன்” என்றான்.

“நீ மொதல்ல டீயக் குடி.”

டிசம்பர் மாதம், மேலும் கீழுமாக இரண்டு கட்டம். கை தன்னால் சபைச் சீட்டின் வழியில் போய்விட்டது. மேல் கட்டத்தில், ‘வேண்டாவுக்குக் குனியாத வேலை கிடைக்கணும்’ என்று எழுதினாள். அதில் தப்பு ஏதும் அவளுக்குத் தோன்றவில்லை. கீழ்க் கட்டத்துக்கு வந்தாள். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. கட்டத்தில் இடம் போதாது என்று தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து ஃபர்தீன் கூப்பிட்டனுப்பினார்.

“அக்கா, சூப்பர்வைசர் எடத்துக்கு உங்களத்தான் நெனச்சிகினு இருந்தேன். நீங்க வேண்டாவுக்குக் கேட்டுக்கீறீங்க. குனியாத வேல இங்க அது ஒண்ணுதான? உங்களுக்குப் பெரிய மனசுக்கா. அவங்களையே போட்டுடறேன்.”

தலையாட்டிவிட்டால் முடிந்தது. தலையாட்டியே பழகினவள் விஜயகுமாரி. பெரிய மனசு என்பது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. முழங்காலுக்கு நன்றாக இல்லை.

“சார், அது ஜெபம்.”

“இன்னாது?”

“எங்க கோயில்ல மேல எழுதறது அடுத்தவங்களுக்கு. அந்த ஞாபகத்துல எழுதிட்டேன். அது ஆண்டவர்கிட்ட கேட்டது சார். உங்ககிட்ட கேட்டது பின்னாடி கீது. தாளத் திருப்புங்க.”

அவர் திருப்பினார். ‘சூப்பர்வைசர் வேலை எனக்கு வேணும். பொங்கலுக்குள் போனில் ரூம் லிஸ்ட்டுக்கு டிக் போடப் பழகணும். ஈஸ்டருக்குள் விருந்தாளிகளிடம் பேச இருபது வாக்கியம் இங்கிலீஷ் கற்கணும். யார் மேலும் கத்தாமல் வேலை வாங்கணும்.’

ஃபர்தீன் இரண்டு தரம் படித்தார். “நான் திருப்பியே பாக்கலக்கா. ஈஸ்டர் எப்ப வரும்?”

“ஏப்ரல் வாக்குல வரும் சார்.”

“புது வருசம் பொறந்ததும் அந்த வேலய அது வரைக்கும் நீங்க பாருங்க. சரியா வந்தா நீங்களே இருங்க.”

வேறு யாராவது சொல்லி வேண்டாவுக்குத் தெரியக் கூடாது என்று, பஸ்ஸில் போகும்போது விஜயகுமாரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேண்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் குடுன்னு சாமிகிட்ட கேட்ட. குடுக்கறேன்னு சார் சொன்னா, வாணான்ன. இதுல எதக்கா நான் எடுத்துக்கறது?”

வேண்டா எழுந்து முன்சீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை. ஒரே ரூமில் விரிப்பின் இரண்டு முனையை இருவரும் பிடித்து உதறினார்கள்.

வருஷம் பிறந்தது. சபையில் போன வருஷத்து உறை கைக்கு வந்தது. பிரித்தாள். மேலே ஜான்சன் பேர், கீழே வெறும் கோடு. ஜான்சனுக்கு ஆடியிலேயே வேலை கிடைத்திருந்தது. ஸ்தோத்திரம் சொன்னாள். புதுச் சீட்டில் இரண்டு கோட்டையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, நேரே வேலைக்குக் கிளம்பினாள். புது வருஷம் என்றால் ரிசார்ட்டில் ஒரு ரூம் காலி இருக்காது.

பஸ் ஸ்டாப்பில் வேண்டா நின்றிருந்தாள். விஜயகுமாரி பக்கத்தில் போய் நின்றாள்.

“துணி மடிக்கிற ரூமுல மேச கீது இல்ல? நின்னுகினே மடிக்கலாம். வாரத்துல நாலு நாள் உனக்கு அங்க போட்டுக்கீறேன். சார்கிட்ட கேட்டுட்டேன்.”

வேண்டா விரல் விட்டு எண்ணினாள். பிறகு, “மீதி ரெண்டு நாளு?” என்றாள்.

“ரூம்தான்.”

“அப்ப உன் ஜெபம் முழுசா கேக்கல.”

“மீதிய இன்னைக்குக் காலைல எழுதிக் குடுத்துட்டேன்.”

“அத யாருகிட்ட குடுத்த? சாமிகிட்டயா, சார்கிட்டயா?”

பஸ் வந்தது. முதலில் ஏறிய வேண்டா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். விஜயகுமாரி வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.