கம்பவுண்டர் வீடு மாறிய நாள்

அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மீன் தொட்டி கழுவுகிறவர். ஆரம்பத்தில் சிலர் மீன்காரர் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். கிலோ என்ன விலை என்று யாராவது வழிமறித்துக் கேட்டுவிடுவார்கள். பெற்ற பிள்ளையை விலை கேட்டது போல அவர் முகம் சுண்டிப்போகும். அதனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

ஐம்பத்து மூன்று வயது. ஊருக்குள் பதினேழு தொட்டிகள் அவர் பொறுப்பில். இரண்டு வங்கிகள், ஓர் ஓட்டலின் வரவேற்பறை, கண் ஆஸ்பத்திரி, மீதி எல்லாம் வீடுகள். எங்கே போனாலும் ஒரே வேலைதான். குழாயை வாயால் உறிஞ்சி அழுக்குத் தண்ணீரை வாளிக்கு இறக்குவார். கண்ணாடியில் படிந்த பாசியைக் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டுவார். முன்தினமே பிடித்து வைத்த தண்ணீரை, தூங்குகிறவர்களை எழுப்பாமல் போர்த்திவிடுவது போல மெல்ல ஊற்றுவார். எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: “ஆச்சா?” ஒரே பதில்தான்: “ஆச்சு.” மனிதர்களோடு அவர் பேச்சு அத்தோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு மட்டும் வஞ்சனையில்லாமல் பேசுவார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வழி தெரியாவிட்டால்கூடக் கேட்காமல் இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் வருவார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மீன் கிடையாது. அது மனைவியின் சட்டம். கல்யாணமான புதிதில் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. ஒரு நாள் மின்சாரம் போய் ஆறு மீன்களும் செத்துப் போயின. அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, இனிமே இந்த வீட்டுக்குள்ள மீன் வந்தா நான் வெளிய போயிடுவேன். அது சாகுறதைக்கூடப் பார்த்திடலாம். நீங்க மூக்கைச் சிந்திக்கிட்டு மூலையில உட்காருறதை என்னால பார்க்க முடியாது.” இருபத்தைந்து வருடமாகச் சட்டம் அமலில் இருந்தது.

அதற்கு வேட்டு வைத்தது கம்பவுண்டர்.

கம்பவுண்டர் ஒரு மீன். ஆஸ்கார் வகை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, கறுப்பு உடம்பில் தணல் போலத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களைக் கண்ணாடியோரம் வந்து உற்றுப் பார்க்கும். பிறகு “உள்ள போங்க” என்று சொல்வது போல வாயைத் திறந்து மூடும். அப்படி வந்த பெயர்தான். தொட்டிக்காரர் கையிலிருந்து மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பிடும்.

டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது. கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். சனிக்கிழமைக்குள் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும்.

“நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. வேற யார்கிட்ட குடுத்தாலும் பட்டினி கிடந்தே செத்துப்போகும்” என்றார்.

தொட்டிக்காரர் “சரிம்மா” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் ‘சரி’ தொண்டையில் உருண்டுகொண்டே இருந்தது.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமையே பின்கட்டில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “போர்வை ஊறப்போடணும்” என்றார். கைக்குட்டையைக்கூட ஊறப்போட்டு அறியாத மனிதர். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் கம்பவுண்டரைக் குடிவைத்துவிட்டால் பிறகு நடப்பது நடக்கட்டும் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது பழைய பெயிண்ட் வாளியில் முக்கால்வாசித் தண்ணீர், உள்ளே கம்பவுண்டர், மூடியில் ஓட்டைகள், ஒரு ஓட்டை வழியாகச் சின்ன மோட்டாரின் குழாய். இரண்டு செல் போட்டால் மூன்று மணி நேரம் காற்றைக் குமிழ் குமிழாக விடும் மோட்டார் அது. செல்லும் புதிதாக வாங்கி டிராயரில் வைத்திருந்தார். காலையில் அவசரமாக எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தவைதான். இரண்டு வாடகை வண்டிக்காரர்கள் தண்ணீர் என்றதுமே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நண்பகல் பஸ் காலியாகத்தான் இருக்கும், நாற்பது நிமிடம்தானே என்று ஏறிவிட்டார்.

“என்னண்ணே வாளியில?” என்றார் கண்டக்டர்.

“மீன்.”

“குழம்புக்கா?”

தொட்டிக்காரரின் முகம் சுண்டியதைக் கண்டக்டர் கவனித்துவிட்டார். “சரி சரி, உசுரோட இருக்கா? அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?”

பஸ்ஸில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். தொட்டிக்காரர் வாளியை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார்.

பாதி வழியில், இரண்டு பக்கமும் வெட்டவெளியாக இருந்த இடத்தில், பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கமிருந்து புகை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “வேற பஸ் சொல்லியிருக்கேன். ஒரு மணி நேரம் ஆகும்.” சிலர் போகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் சாலையோர மரத்தடிக்கு நகர்ந்தார்கள். தொட்டிக்காரரும் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அப்போதுதான் மோட்டாரின் சத்தம் மாறியது. ஈயின் ரீங்காரம் போல இருந்தது, இப்போது இழுத்து இழுத்து முனகியது. பிறகு அதுவும் இல்லை. திறந்து பார்த்தார். ஒரு செல் புதுசு. இன்னொன்று நுனியில் துருவேறிய கிழட்டுச் செல்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. மூடியைத் திறந்தார். வெயிலில் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. உள்ளே போங்க என்று சொல்லும் நிதானம் அதில் இல்லை. அவர் கையால் தண்ணீரை அள்ளி மேலிருந்து விட்டார். இரண்டு கையளவு தண்ணீர் எந்த மூலைக்கு? இன்னும் ஒரு மணி நேரம்.

வாழ்நாளில் கேட்காத ஒன்றை அவர் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மூன்றாவது முறை குரல் வந்தது.

“யார்கிட்டயாவது... ஒரு டம்ளர் இருக்குமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவள். “குடிக்கவா அண்ணே?”

“இல்ல. இதுக்கு மூச்சு முட்டுது. தண்ணிக்குள்ள காத்து போகணும். மொண்டு, உயரத்துல இருந்து ஊத்தணும். திரும்பத் திரும்ப.”

“அதாவது ஆத்தணும்?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “ஆமா. ஆத்தணும்.”

“அடக் கடவுளே, இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் தொண்டையைக் கனைச்சீங்க? இருபத்திரெண்டு வருஷமா நான் வேற என்னத்தைப் பண்றேன்?” பையிலிருந்து ஒரு பெரிய ஸ்டீல் குவளையை எடுத்தாள். உடைந்த கைப்பிடியைப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாளாம்.

அவர் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “சோப்பு போட்டுக் கழுவினதா? சோப்பு பட்டா செத்துடும்.”

“பட்டறையில எவன் சோப்பு போடுறான்? கரிதான் இருக்கும்.”

கரியைத் துடைத்துக் கழுவிக் கொடுத்தார். அவள் மரத்தடியில் காலை அகட்டி நின்று ஆற்ற ஆரம்பித்தாள். கை தலைக்கு மேலே போனது. தண்ணீர் ஒரே கயிறாக இறங்கி வாளிக்குள் நுரைத்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை. “சர்க்கரை வேணுமான்னு கேளுங்க” என்றாள். கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டை கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட், யாரோ பெரிய ஆளைப் பார்க்க மடிப்புக் கலையாமல் கிளம்பியிருந்தார். “இந்தாங்க சார், ஜில்லுன்னு இருக்கு, ஊத்துங்க” என்று ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தொட்டிக்காரர் பதறிப்போய் வாளியின் மேல் கையை விரித்தார். ஏஜென்டின் முகம் மாறியது. மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று தொட்டிக்காரருக்குத் தெரியாது. பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறக்காமல் அப்படியே வாங்கி வாளிக்குள் மிதக்கவிட்டார். “ஜில் தண்ணி நேராப் பட்டா அதிர்ச்சியாயிடும் சார். இப்படி மிதந்தா மெதுவாச் சூடு இறங்கும்.”

“அப்போ நம்ம பாட்டில் வீணாகலை” என்று ஏஜென்டுக்கு ஒரே சந்தோஷம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “நானும் ஊத்தறேன்” என்றார்.

முதல் குவளையே குறி தப்பியது.

“சார், மீனுக்கு ஆத்தச் சொன்னா உங்க ஷூவுக்கு ஆத்துறீங்க!”

“கத்துக்கிட்டுத்தானேம்மா வரணும்!”

ஆளுக்கு நூறு ஊற்று என்று முறை வைத்துக்கொண்டார்கள். டிரைவர் தன் இருக்கைத் துணியை உருவிக்கொண்டு வந்து வெயில் பக்கம் பிடித்து நின்றார். கண்டக்டர் எண்ணினார், எழுபதிலிருந்து நேராகத் தொண்ணூறுக்குத் தாவியதை டீக்கடைக்காரி கையும் களவுமாகப் பிடித்தாள். தொட்டிக்காரருக்கு என்ன ஆனதோ, பேச ஆரம்பித்துவிட்டார். தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த படத்தை மாற்றியதற்குக் கம்பவுண்டர் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது, கூழாங்கல்லை வாயில் கவ்வி வந்து கண்ணாடியில் துப்பி டாக்டரம்மாவைக் கூப்பிட்டது என்று ஒன்று விடாமல் சொன்னார். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட்டார். துருப்பிடித்த செல்லை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். “புதுசு ரெண்டுதான் வாங்கினேன். சத்தியமா ரெண்டும் புதுசு.”

ஒரு மணி நேரம் என்றது இரண்டாகி, மாற்று பஸ் வந்தபோது நிற்க இடமில்லாமல் இருந்தது. கண்டக்டர் படியில் ஏறிக் கத்தினார்: “வழி விடுங்க, வழி விடுங்க, பேஷன்ட் வர்றாரு!” முன் சீட்டில் இருந்த இருவர் என்ன ஏதென்று தெரியாமலே எழுந்துகொண்டார்கள். எழுந்த பிறகு வாளிக்குள் பார்த்தார்கள், திரும்ப உட்காரவில்லை. ஓடுகிற பஸ்ஸிலும் ஆற்றுவது நிற்கவில்லை. குலுங்கிய குலுக்கலில் பாதித் தண்ணீர் ஏஜென்டின் பேன்ட்டுக்குப் போயிற்று. பஸ் நிலையத்தைத் தாண்டினார்கள்.

“உங்க ஸ்டாப் போயிடுச்சே!” என்றார் தொட்டிக்காரர்.

“கடை எங்க ஓடிப்போகப் போகுது? நீங்க பாட்டிலைத் திருப்பி விடுங்க” என்றாள் டீக்கடைக்காரி.

அவர் தெருவுக்குள் நுழைந்தபோது மணி மூன்றாகப் போகிறது. ஒரு பக்கம் டீக்கடைக்காரி, மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே நனைந்த ஏஜென்ட், இருவருமாக வாளியைத் தூக்கிவர, தொட்டிக்காரர் பக்கவாட்டில் நடந்துகொண்டே மொண்டு மொண்டு ஊற்றினார். வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

அவர் கால் நின்றது. மற்ற இருவரும் நிற்கவில்லை.

“யாரு இது?” என்றாள் மனைவி, வாளியைப் பார்த்து.

“கம்பவுண்டர்” என்றாள் டீக்கடைக்காரி. “வழி விடுங்கக்கா, மூச்சு வாங்குது. எனக்கில்ல, இதுக்கு.”

மனைவி கணவரைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்த அந்த இரண்டு முன்பின் தெரியாத ஆட்களைப் பார்த்தாள்.

“பின்கட்டுக்குக் கொண்டு போங்க. போர்வை ஊறப்போடத் தண்ணி பிடிச்சு நாலு நாளாச்சு. போர்வைதான் வரலை. என்னைக்கு வரும்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

உடனே விட முடியாது. தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக வாளியில் கலந்து பழக்க வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் நால்வரும் குந்தி உட்கார்ந்தார்கள். கடைசியில் தொட்டிக்காரர் மீனை இரண்டு கைகளிலும் ஏந்தித் தொட்டிக்குள் விட்டார். கம்பவுண்டர் ஒருபக்கமாகச் சாய்ந்து அடியில் போய்க் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. ஏஜென்டின் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

“செத்தா அழக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் மனைவி மெல்ல.

“சரி” என்றார்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வாலில் ஒரு சின்ன அசைவு. பிறகு நிமிர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து, குனிந்திருந்த நாலு முகங்களையும் பார்த்து, நிதானமாக வாயைத் திறந்து மூடியது.

“உள்ள போங்கன்னு சொல்லுதுய்யா!” என்று ஏஜென்ட் துள்ளியதில் தலை குழாயில் இடித்தது.

“போய்த்தான் ஆகணும். யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. கையைக் கழுவிக்கிட்டு வாங்க, மணி நாலு ஆகப்போகுது” என்று மனைவி எழுந்தாள்.

கூடத்துக்கு வந்த தொட்டிக்காரர் வழக்கம் போலச் சுவரைப் பார்த்தார். இரண்டு மாதமாகப் பத்தேகாலிலேயே நின்றிருந்த கடிகாரம் நாலுக்குப் பத்து என்றது. விநாடி முள் சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நீங்க போடுவீங்க போடுவீங்கன்னு பார்த்தேன்” என்றாள் மனைவி உள்ளிருந்தபடியே. “நேத்து உங்க டிராயர்ல இருந்து ஒரு செல் எடுத்து நானே போட்டுட்டேன். பழசை அங்கேயே வச்சிருக்கேன், தூக்கிப் போடணும்னா போட்டுடுங்க.”

டீக்கடைக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். தொட்டிக்காரரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான் ஓடுதுக்கா” என்றாள் அவள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.