ஊறுகாய் ஜாடிக்குக் கட்டிய நீச்சலுடை

போன வாரம் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அலமாரியிலிருந்து இறக்கினேன். வாயைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புத் துணி பட்டென்று அறுந்து கையோடு வந்துவிட்டது. ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்தத் துணி இருக்கிறதே, அது சாமானியத் துணி இல்லை. உலகத்திலேயே வேகமான துணி என்று சொல்லி ஒரு காலத்தில் எங்கள் தலையில் கட்டினார்கள். மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை, பெருங்காயம், அதற்கும் அடியில் எங்கேயோ நீச்சல்குளத்து மருந்து வாசம். மருந்து வாசம் என் கற்பனையாகவும் இருக்கலாம். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.

அந்த வாசம்தான் என்னைச் சைகோனுக்கு இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகளே, எங்கள் காரைக்காலிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் சைகோன் போனவர்கள் உண்டு. குமாஸ்தாவாகப் போனார்கள், சிப்பாயாகப் போனார்கள், துணிக்கடை வைத்தார்கள். சண்டை முடிந்து ஆட்சி மாறியதும் பெரும்பாலோர் மூட்டை கட்டிவிட்டார்கள். எல்லாரும் கிளம்பி வெகுகாலம் ஆன பிறகு நான் போய் இறங்கினேன். எங்கள் வீட்டில் எதையும் தாமதமாகத்தான் செய்வோம். டான் சோன் நாட் விமான நிலையத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம்.

என் மகள் கவிதா நீச்சல் கற்றது சைகோனை அடுத்த குச்சி என்ற ஊரில். ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே, பாசி பிடித்த ஒரு பொதுக்குளம். கரும்புச்சாறு விற்கும் அம்மாளிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் குதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம். கவிதா தண்ணீருக்குள் சிரிப்பாள். தண்ணீருக்குள் சிரித்தால் வெளியே குமிழியாக வரும். நீங்கள் சிரித்துப் பாருங்கள், தெரியும்.

ஒரு நாள் எங்கள் கம்பெனி உல்லாசப் பயணம் அங்கே வந்தது. கூடவே வந்தவர் மதன் சார். சென்னைக்காரர், பெரிய மேனேஜர், பிள்ளைகள் நீச்சல் கிளப் ஒன்றுக்குத் தலைவர்.

"சார், உங்க பொண்ணு என்னமா போறா! இந்தக் குட்டைல விட்டு வேஸ்ட் பண்றீங்களே. நம்ம கிளப்ல போடுங்க. நாங்கல்லாம் ஒரே ஃபேமிலி சார்."

ஒரே குடும்பம் என்று யாராவது வலிய வந்து சொன்னால் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது.

அந்தக் குடும்பத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். குல்லாவில் பெயர், பையில் பெயர், துண்டில் பெயர். விளம்பரக் கம்பெனி மாறினால் நிறமும் மாறும், எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும். பெற்றோர் உட்காரும் மடக்கு நாற்காலிக்குக்கூட ஒரு நிறம். போட்டி நடக்கும் நாளில் குழந்தை தண்ணீரில் இருப்பது ஒரு கொட்டாவி விடும் நேரம். அதற்காக விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குடும்பமே வெயிலில் காய வேண்டும். வீட்டுக்கு ஒருவர் நீந்தும் நேரத்தை அளக்கக் கடிகாரம் பிடித்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு இடம் இல்லை. நின்றேன். ஆளுக்கொரு கடிகாரத்தோடு அப்பன்மார்கள் வரிசையாக நின்ற காட்சி, சம்பளமில்லாத காவல்காரர்கள் மாதிரி.

இதற்கெல்லாம் ஈடாக நாங்கள் கொடுத்தது ஊருக்குப் போகும் டிக்கெட்டை. அந்த வருஷம் என் மனைவி தேவகியின் தம்பி செல்வத்துக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காதான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று பெயர். செல்வம் அரைஞாண் கயிற்றோடு ஓடிய காலத்திலிருந்தே தேவகி அந்த முடிச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள். கல்யாணமும் ரிலே போட்டியும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. கையிலிருந்த பணமோ ஒன்றுக்குத்தான் காணும்.

"புள்ள வருசம் பூரா விடியக்காலம் எந்திரிச்சிருக்கா. அவ ஆசைக்கு நாம குறுக்க நிக்க வேணாங்க" என்றாள் தேவகி.

தொலைபேசியில் செல்வம் கேட்டான்: "சரிக்கா. அப்ப முடிச்சு யாரு போடுறது?"

அவள் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ரிலேக்கென்று கிளப் வாங்க வைத்ததுதான் இந்தக் கறுப்பு உடை. பார்த்தால் பொம்மைக்குத் தைத்தது போல இருக்கும். அதற்குள் பதினொரு வயதுப் பெண்ணைத் திணிக்க வேண்டும். இரண்டு தாய்மார்கள் இழுக்க, பிள்ளை மூச்சைப் பிடிக்க, உடை மாற்றும் அறை பிரசவ வார்டு மாதிரி அலறும். ஐந்தாறு போட்டிக்கு மேல் தாங்காது என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். சீக்கிரம் கெட்டுப்போவதைப் பெருமையாகச் சொல்லி விற்ற ஒரே சாமான், என் அனுபவத்தில், அதுதான்.

தேவகி பார்த்தாள். கைப்பையிலிருந்து காரைக்கால் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். கவிதாவின் காலில், தொடையில், முதுகில் வழிய வழியத் தடவினாள். உடை வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. மற்ற அம்மாக்கள் வாயைப் பிளந்தார்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைக்குத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

கவிதா குளத்தோரம் வந்து நின்றாள். மதன் சாருக்கு என்னைவிட நீள மூக்கு.

"என்னம்மா ஸ்மெல்லு இது? ஆயிலா? ஐயையோ, உடம்புல எதுவும் தடவிட்டு இறங்கக்கூடாது. ரூல்மா ரூல்! தண்ணி மேலெல்லாம் மிதக்கும்."

"தொடச்சி விட்டுர்றேன் சார்" என்றாள் தேவகி.

"டைம் இல்லம்மா. நம்ம ஸ்வேதா ரெடியா இருக்கா, அவ போகட்டும்."

ஸ்வேதா யார் என்கிறீர்களா? அவர் மகள்தான். அவளும் அதே கறுப்பு உடையில் தயாராக நின்றிருந்தாள்.

தேவகி அதிகம் பேசமாட்டாள். குளத்தோரம் குனிந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து பணக்காரப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து கரைந்த வெயில் கிரீம், தண்ணீர் மேல் பாலாடை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் அதை வழித்து மதன் சார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன சார், தீர்த்தமா?"

"சோய் ஓய்!" என்று சிரித்துவிட்டார் பயிற்சியாளர் துவான். கடவுளே என்று அர்த்தம். அவருக்குத் தமிழ் தெரியாது, அந்த விரல் மட்டும் புரிந்தது. மதன் சாருக்கு இரண்டும் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை, விசில் ஊதச் சொன்னார்.

ஸ்வேதா இறங்கினாள். நான் கடிகாரம் பிடித்தேன், அது என் முறை. கிளப் ஜெயித்தது. ஜெயித்த கையோடு மதன் சார் என்னிடம் வந்து விருந்துக்கு எங்கள் பங்கைக் கேட்டார். "ஒரே ஃபேமிலி சார்" என்றார் மறுபடியும். கடிகாரத்தை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

கவிதா அழவில்லை. "அப்பா, குச்சிக்குப் போலாமா?" என்றாள். எண்ணெய் உடம்போடு அந்தப் பாசிக் குளத்தில் குதித்தாள். அவளைச் சுற்றி வானவில் மாதிரி எண்ணெய் விரிந்தது. வியட்நாம் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு நீந்தினார்கள். ஆனால் குமிழி வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேவகி கத்தரிக்கோலை எடுத்து அந்த உடையை நீளமாக வெட்டி ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டினாள். ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டாள். "ஒண்ணு பத்தாதா?" என்றேன். "பத்தாது" என்றாள். கல்யாணமும் அன்றைக்குத்தான். நம் நாட்டு நேரப்படி காரைக்காலில் கல்யாணம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்.

இப்போது குச்சிக் குளம் இல்லை, அங்கே ஒரு தொழிற்சாலைக் கொட்டகை நிற்கிறதாம். கரும்புச்சாறு அம்மாள் எங்கே போனாளோ. அந்தக் கிளப் மட்டும் வேறு பெயரில், வேறு நிறத்தில் எங்காவது நடந்துகொண்டிருக்கும், அந்த மாதிரிக் களைக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கவிதா குடியிருக்கும் அடுக்கு வீட்டின் கீழே நீச்சல்குளம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். இறங்குவதில்லை. செல்வத்தின் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் யாரோ சித்தி மகளுடைய கை தெரிகிறது.

அறுந்த துணியைக் குப்பையில் போடப்போனேன். அப்போதுதான் கவனித்தேன். அறுந்தது துணிதான். தேவகி போட்ட முடிச்சு மூன்றும் அப்படியே இறுகி இருந்தன.