தவிட்டம்மா என்கிற பெயர்

பிள்ளைகளைச் சீண்ட, “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். தவிட்டம்மாவை நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கினார்கள். அவளுக்கு முன் பிறந்த மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. அதனால் பக்கத்து வீட்டு அமிர்தம் ஒரு மரக்கால் தவிடு கொடுத்து அவளை வாங்கி, வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே திருப்பித் தந்தாள். எமன் வந்து தேடினால் அந்த வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளை இருக்காது. அவனை ஏமாற்ற அது போதும் என்று நம்பினார்கள்.

பிள்ளை பிழைத்தது. பெற்றவளும் பேச்சு மாறவில்லை. சாகும்வரை ஒரு நாள்கூட “என் மக” என்று சொன்னதில்லை. “அமிர்தத்து மகளே, சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பாள். தவிட்டம்மாவுக்கு அதில் தீராத கோபம்.

ஒரு காலத்தில் நீடாமங்கலம் பக்கம் தெருவுக்கு ஒரு தவிட்டம்மாவாவது இருந்தாள். ஆஸ்பத்திரி வந்தது, தடுப்பூசி வந்தது, பிள்ளைகள் பிழைத்தன, அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று. இவள் பள்ளிக்கூடத்தில் இவள் ஒருத்திதான். கல்லூரியில் பையன்கள் இவளைக் கண்டாலே மாடு மாதிரிக் கத்தினார்கள். வெறுத்துப்போய், அரசிதழில் போட்டுத் தாரணி ஆனாள். இப்போது கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ தன்விகா, எத்தனையோ ஹுமைரா அடித்தாயிற்று. தவிட்டம்மா ஒன்றுகூட வரவில்லை.

தாரணியின் முதல் பெண் பதினாறாம் நாள் போனாள். இரண்டாமவள் முப்பத்தோராம் நாள். இரண்டு பேருக்கும் வயிற்றில் இருக்கும்போதே அழகான பெயர் பார்த்து வைத்திருந்தாள். இதயத்தில் கோளாறு என்றார் டாக்டர். தன்னைக் காத்த பெயரைத் தூக்கி எறிந்த பாவம் என்று இவளுக்குப் பட்டது. படித்தவள், வெளியே சொல்ல வெட்கம். ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

மூன்றாவதும் பெண். சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே கிடந்தது. கணவன் இளம்பரிதி ஒரு தமிழ்ப் பெயர் யோசித்து வைத்திருந்தான். அவன் அதைச் சொல்ல வந்தாலே இவள் ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினாள். முப்பதாம் நாள் காலை, அவன் பூதலூருக்கு வேலைக்குப் போன பிறகு, குழந்தையின் உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த மாட்டுத் தீவனக் கடைக்கு ஓடினாள். கடைக்காரி கமருன்னிஸாவிடம், ஒரு படி தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இங்கே வந்து என்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டத் தொடங்கிய கமருன்னிஸா, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“எங்க வாப்பா பேரு அல்லா பிச்சை. அவருக்கு முன்னாடி பொறந்த நாலும் தங்கலை,” என்றாள். படி நிறையத் தவிட்டை அள்ளி இவள் மடியில் கொட்டிவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டாயிற்று, அம்மா மட்டும் உள்ளே வரலாம் என்றாள் நர்ஸ். கமருன்னிஸா இவளை முன்னே தள்ளினாள். இவள் திரும்பிக் கமருன்னிஸாவைக் கைகாட்டினாள். மடியில் இன்னும் தவிடு இருந்தது.

“பிள்ளை இவங்களோடதுங்க. நான் பால் குடுக்குறவ,” என்றாள். “என் பேரு தவிட்டம்மா.”

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்ததைக் கண்டு வழிவிட்டாள்.

நாலு மணிக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. நாளை முப்பத்தோராம் நாள் என்ற நினைப்பு மட்டும் இறங்கவில்லை. குழந்தை கண் திறந்து மார்பைத் தேடியது. ‘என் கண்ணே’ என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா இதை முப்பது வருஷம் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“கமருன்னிஸா மகளே,” என்றாள், “குடிம்மா.”