சேவியர் அண்ணனின் அடுத்த கப்பல்

கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரன்ஸ் ஆபீசில் எல்லோருமே, கஸ்டம்ஸ் வெப்சைட்டுக்குள் சேவியர் அண்ணனின் லாகினில்தான் வேலை பார்க்கிறோம். அண்ணன் மாரடைப்பில் போன பிறகும் அப்படித்தான். பாஸ்வேர்ட் மேனேஜர் எக்ஸ்டென்ஷன் தானாக நிரப்பிக் கொடுக்கிறது. புது லாகினுக்கு அலைய யாருக்கு நேரம் இருக்கிறது?

பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம், அடுத்து வரப்போகும் கப்பலின் பெயரைத்தான் அண்ணன் வைப்பார்.

இன்று காலை நான் எதையும் டைப் செய்வதற்கு முன்பே எக்ஸ்டென்ஷன் கேட்டது: 'பாஸ்வேர்ட் மாறியிருக்கிறது. புதியதைச் சேமிக்கவா?'

மறைந்திருக்கும் பாஸ்வேர்டைக் காட்டும் கண் படத்தை அழுத்திப் பார்த்தேன்.

லூசியா ஸ்டார்.

பக்கத்து சீட் ஜெசிந்தாவிடம் கேட்டேன். "ஏளா, நீ மாத்துனியா?"

"அவரு பாஸ்வேர்டையா? நான் அதத் தொடுததே இல்லக்கா."

முதலாளி அண்ணாச்சி சிரித்தார். "அப்படி ஒரு கப்பல் நமக்கு வரவே இல்ல. மெஷின் உளறுது, வேலையப் பாரு."

மத்தியானம் அவருக்கு போன் வந்தது. நம் கன்டெய்னர்களை கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்களாம். கப்பலின் பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

'சேமி', 'ஒருபோதும் வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள் இன்னும் திரையில் நிற்கின்றன. பழைய பாஸ்வேர்ட் இப்போது செல்லவில்லை; இதைச் சேமித்தால்தான் உள்ளே போய்ச் சரக்கை வெளியே எடுக்க முடியும். சேமித்துவிட்டால், அதற்கடுத்த கப்பலையும் அண்ணனே சொல்லுவார்.

அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஜெசிந்தாவுக்குத் திடீரென்று தலைவலி.

நீங்களாக இருந்தால் எதை அழுத்துவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், ஆபீசில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.