திருநீற்றுப் பைக்குள் வைத்த காந்தம்

எங்கள் அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு கருவியைத்தான் நம்பினார். அது அவரை ஏமாற்றியதற்குக் காரணம் நான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கேட்க வேண்டியவர் இப்போது இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பனிச்சங்கேணியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வீடு. அப்பா கடல்தொழில் செய்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்றில் வடம் கட்டி இழுக்கும் வேலை பார்த்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்தான். ஆனாலும் கப்பலில் விஞ்ஞானிகள் பேசுவதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் கொட்டுவார். ஒவ்வொரு ஆவணியும் சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஒரு வருடம் அப்பாவுக்குத் திசை காட்டும் கொம்பாசு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். "வானத்தில வெள்ளி இருக்கு, அலை இருக்கு, இது எதுக்கு?" என்று அப்பா கேலி செய்தார். பிறகு படகிலிருந்த பலகைப் பெட்டிக்குள் அதைப் பத்திரமாகப் பொருத்தியவரும் அவரேதான். இப்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கரைக்குத் திரும்புவதில்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த ஆவணிக்கு மாமா ஒரு கடதாசிச் சுருளோடு வந்தார். விரித்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். அது கடலின் அடிப்பாறை என்றார். நடுக்கடலில் தரை பிளந்து நெருப்புக் குழம்பு மேலே வருகிறதாம். அது ஆறி இறுகும்போது, அன்றைக்கு உலகத்தின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தத் திசை பாறைக்குள் பதிந்துவிடுமாம். பின்னால் வரும் குழம்பு பழைய பாறையை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். உலகத்தின் காந்தமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. எத்தனையோ லட்சம் வருடங்களில் எப்போதாவது வடக்கும் தெற்கும் இடம் மாறிக்கொள்ளும். அதனால்தான் பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோடுகள். அந்த மாற்றங்கள் எப்போது நடந்தன என்று தரையிலுள்ள எரிமலைப் பாறைகளைக் கொண்டு கணித்து வைத்திருக்கிறார்கள். கோடுகளை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு கடல் எப்போது திறந்தது என்று சொல்லிவிடலாம். நம் கரையும் தெற்கே பனி மூடிக் கிடக்கும் நிலமும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை என்று மாமா முடித்தார்.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். "கடல் திறக்கிறதுக்கு அதென்ன கடையா?"

மாமா சிரிக்கவில்லை. அப்பா விடவுமில்லை. "வடக்கு தெற்காகுமெண்டா, படுவான்கரை எழுவான்கரையாகுமா தம்பி?"

முற்றமே சிரித்தது. எங்கள் பக்கத்தில் வாவிக்கு மேற்கே, சூரியன் விழும் கரை படுவான்கரை. கிழக்கே, அது எழும் கரை எழுவான்கரை. சூரியன் வைத்த பெயரை எந்தக் காந்தத்தால் மாற்ற முடியும்? மாமா சுருளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

மறுநாள் மாமா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு வித்தை காட்டினார். எங்கள் கரையில் கறுப்பு மணல் உண்டு, காந்தத்தில் ஒட்டும். தகர மூடி ஒன்றில் மெழுகுதிரியை உருக்கி, அதில் அந்த மணலைத் தூவி, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கீழே பிடித்தார். மணல் மயிர்க்கால் போல எழுந்து வரிசையாக நின்றது. மெழுகு இறுகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப காந்தத்த எடுத்தா மண் பழையபடி ஆகுமா?"

"ஓம்" என்றேன்.

எடுத்தார். ஒரு மணல்கூட அசையவில்லை. மூடியையும் காந்தத்தையும் எனக்கே தந்துவிட்டார்.

சித்தாண்டியிலிருந்து கொண்டுவரும் திருநீற்றைச் சிவப்புத் துணியில் முடிந்து, கொம்பாசுப் பெட்டிக்குள் கட்டுவது அந்த வருடம் என் பொறுப்பு. பெண்பிள்ளையின் கையால் கட்டினால் நல்லது என்று அப்பா சொல்லியிருந்தார். கட்டப் போகும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொம்பாசின் முள்ளும் காந்தம்தானே. பக்கத்தில் பெரிய காந்தமொன்று இருந்தால் அதற்குச் சத்து வரும். அப்பா நேராகவும் சீக்கிரமாகவும் வீடு வந்து சேர்வார். வந்ததும் மாமாவின் காந்தம்தான் கொண்டுவந்து சேர்த்தது என்று சொல்லி அவர் வாயை அடைக்கலாம். திருநீற்றுக்குள் காந்தத்தைப் புதைத்து இறுக்கி முடிந்து, கொம்பாசுக்கு வலப்பக்கம் கட்டினேன். கும்பிடவும் செய்தேன்.

கூடப் போகிறவர் திருவிழாவில் நின்றதால் அப்பா அன்று தனியாகப் போனார். பகல் வெளிச்சத்தில் கடலுக்குள் போகிறவருக்குக் கொம்பாசு தேவைப்படவில்லை. அன்றிரவு வானம் மூடிவிட்டது. காலையில் படகு வரவில்லை. ஊர்ப் படகுகள் கரையோரமாக வடக்கேயும் தெற்கேயும் தேடிவிட்டு வெறுமனே திரும்பின.

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் முற்றம் நிறையப் பெண்கள். அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தார். அவர் மனதைத் திருப்பவோ என்னவோ, ஒருவர் மாமாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். காந்தம் பார்க்கும் கருவியைக் கப்பலுக்கு வெகுதூரம் பின்னால் நீளமான வடத்தில் இழுப்பதுதான் தன் வேலை என்று மாமா சொன்னார்.

"ஏன் அவ்வளவு தூரம்?"

"இரும்பு கிட்ட இருந்தா அது பூமியப் பாக்காது அக்கா, கப்பலத்தான் பாக்கும்."

நான் காந்தத்தை வைத்ததும் கொம்பாசுக்குக் கிட்டத்தான். மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் பக்கம் வெச்ச?"

"வலப்பக்கம்."

மாமா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கவில்லை. அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது: படகு எங்கே திரும்பினாலும் முள் அந்தப் பையைத்தான் பார்க்கும். மேற்கே போகும் படகுக்கு வடக்கு வலப்பக்கம்; அதனால் படுவான் பக்கம், கரைக்குத்தான் போகிறாய் என்று எப்போதும் ஒரே பொய்யைச் சொல்லும். அது கச்சான் காற்று வீசும் காலம், கரையிலிருந்து வெளியே தள்ளும். வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்தபடியே அப்பா கடலுக்குள் போயிருப்பார்.

மாமா கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாமா படகுக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்.

"கரையோரம் தேடாதேங்க, நல்லா வெளியால போங்க! கொம்பாசு பிழை. நான்தான் காந்தத்த அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு மறந்துபோனன்."

மறுநாள் காலை அப்பாவைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் தீர்ந்து, வெகுதூரத்தில் மிதந்துகொண்டிருந்தாராம். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்து முடித்ததும், யாரோ சொல்லிவிட்டார்கள் போலும், மாமாவைத் தேடிப் பார்த்தார்.

"அலை வேற சொல்லிச்சு. நீ தந்ததெண்டுதான் அதக் கேக்காம முள்ளப் பாத்து ஓட்டினன். இனி இந்த வாசலுக்கு வராத."

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கப் போனேன். மாமா என்னைப் பார்த்து வேண்டாம் என்று இலேசாகத் தலையசைத்தார். எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் கோபம் ஒரு கிழமையில் ஆறிவிடும், அடுத்த ஆவணிக்கு மாமா வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.

மாமா வரவில்லை. அம்மா வருடத்துக்கு ஒருமுறை சித்தாண்டிக் கோயில் வீதியில் தன் தம்பியைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். நான் படித்தேன். இன்று அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகளை வாசிப்பதுதான் என் தொழில். எங்கள் கடலின் அடியில் வண்டல் தடித்துக் கிடப்பதால் கோடுகள் மங்கல். அது திறந்த காலத்தைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறோம். என் வீடு பிளந்த காலத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒவ்வொரு ஆவணியிலும் அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கொஞ்சம் கடினமாயிற்று.

போன வருடம் அப்பா காலமானார். மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசல் படலைக்கு வெளியே, வெயிலில் நின்றார். நான் ஓடிப்போய் கையைப் பிடித்தேன்.

"உள்ள வாங்க மாமா."

"அத்தான் வரச் சொல்லல்லயே, புள்ள."

அந்தத் தகர மூடி இன்னும் என் மேசையில் இருக்கிறது. காந்தத்தை எடுத்தால் மணல் பழையபடி ஆகும் என்று சொன்ன அதே பிள்ளைதான், அப்பாவைக் கடலிலிருந்து கொண்டுவந்த காலையிலும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் பேசாமல் நின்றாள்.