பெரியப்பா முண்டாசை அவிழ்த்த நாள்

என் பெரியப்பா நாலு பேர் முன்னால் முண்டாசை அவிழ்க்க மாட்டார். கோயிலுக்குப் போனாலும் கோபுரத்தோடு கும்பிட்டுத் திரும்பிவிடுவார். வெளியே நின்றாலும் சாமிக்குக் கண் தெரியும் என்பது அவர் கட்சி. தினமும் காலையில் அவர் அதைக் கட்டி முடிப்பதற்குள் பெரியம்மா சமையலையே முடித்துவிடுவாள். வேறு யார் கையும் அதில் படக்கூடாது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏதோ கையெழுத்துக்காக மேரிக்குப் போனாராம். மேரி என்பது எங்கள் நகராட்சி ஆபீஸ். உள்ளே வருவதானால் முண்டாசை எடு என்று அங்கிருந்த துரை சொல்ல, "அப்ப கையெழுத்தே வேணாம்" என்று வந்த வழியே தன் ஊரான பாகூருக்குத் திரும்பிவிட்டார். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; மல்லாட்டை மண்டி முழுக்க அந்தக் கதை தெரியும். அதே மேரியில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாதான் துரையைக் காக்காய் பிடித்துக் கையெழுத்தை வாங்கி வந்தார். அதைக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். முல்லா வீதியிலிருந்த மண்டிக்கார பாயின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெரியப்பா விளைவிக்கும் மல்லாட்டையெல்லாம் அவர் மண்டிக்குத்தான் போகும். சொந்தத் தம்பியைவிட அவரிடம்தான் பெரியப்பா மனசு விட்டுப் பேசுவார். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும் என்று பாய் நேரில் வந்து அழைத்திருந்தார்.

எங்கள் வம்சத்தில் யாரும் பள்ளிவாசலுக்குள் கால் வைத்ததில்லை. முந்தின நாள் சாயங்காலமே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நம்மளால பாய் தல குனியற மாதிரி எதுவும் ஆயிடக்கூடாதுடா" என்றார் அப்பாவிடம்.

பாயையே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் தெரியாதவர்கள் என்று ஆகிவிடுமே! அதனால் வீட்டிலேயே ஆலோசனை நடந்தது. வெள்ளை வேட்டி, செருப்பு வாசலில், கால் கழுவல், தட்டில் கற்கண்டும் வாழைப்பழமும். எல்லாம் மளமளவென்று முடிவானது. கடைசியில் எல்லோருடைய கண்ணும் பெரியப்பாவின் தலைக்குப் போயிற்று.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "மரியாதப்பட்ட எடம்னா தலயில ஒண்ணும் இருக்கக் கூடாதுண்ணா. மேரியில ஷப்போ, அந்தத் தொப்பியக் கழட்டிட்டுத்தான் நொழையறோம்."

அம்மா பெரியப்பாவுக்கு நேராகப் பேச மாட்டாள். அடுப்பங்கரைக் கதவைப் பார்த்துச் சொன்னாள்: "கோயில்லகூட துண்ட அவுத்து இடுப்புலதான கட்டிக்கிறாங்க."

பிரெஞ்சுச் சட்டமும் கோயில் வழக்கமும் ஒரே வார்த்தை சொன்னபின் வேறு என்ன வேண்டும்? பெரியப்பா முண்டாசைத் தடவிக்கொண்டே திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். விடிந்ததும் மனுஷன் பாகூர் பஸ் ஏறிவிடுவார் என்று அம்மா முணுமுணுத்தாள்.

காலையில் அவர் வழக்கம்போல முண்டாசு கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். அம்மா பாய் வீட்டுப் பெண்களோடு இருந்துகொண்டாள். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளிவாசல் படியருகே கல்யாணக் கூட்டம் நின்றிருந்தது. மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பெரியப்பா செருப்பை விட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டு கையையும் தூக்கி, முண்டாசைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வெயிலே படாத அந்த நெற்றியின் மேல்பாதி பச்சைக் குழந்தையின் தோல்போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளேயிருந்து பாய் ஓடி வந்தார். "அண்ணே, இன்னா காரியம் பண்ணிட்டீங்க! எங்க பள்ளியில தலய மூடிக்கினுதான் நொழையணும். அந்தத் துரைக்கு அவுக்காதத..." பெரியப்பாவின் இடுப்பிலிருந்த துணியைத் தானே உருவி, அவர் தலையில் சுற்ற ஆரம்பித்தார். பெரியப்பா தலையைக் குனிந்து கொடுத்தார்.

எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு வந்திருந்த அப்பாவுக்கு யாரோ நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கைக்குட்டையை மாட்டிவிட்டார்கள். மேரி குமாஸ்தா அந்தக் கோலத்தில் பின்னால் போக, பாயின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா முன்னால் நடந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலோரம் நின்ற என்னிடம் ஒரு கிழவர், "யாரு பாப்பா நீ?" என்று கேட்டார். "அவரு என் பெரியப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆனால் ஒரே ஒரு குறை இருந்தது. பாய் கட்டிய முண்டாசு படுமோசம். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் தொங்கி, வால் காதில் விழுந்து கிடந்தது. பிரியாணிப் பந்தியில் சரிசெய்துகொள்வார் என்று பார்த்தேன், இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியை அவர் எதிரில் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்துச் சிரித்தார், கையை மட்டும் மேலே கொண்டுபோகவில்லை. அந்தக் கோணல் முண்டாசோடேயே பாகூர் பஸ்ஸில் ஏறி, ஊர் பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இது தெரியவில்லையே என்று, அவரை பஸ் ஏற்றிவிட்டு வீடு வந்து சேரும்வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.