நன்னிலம் பல் டாக்டரின் ரேஸ் கார்

குறுவைக்கு அடியுரம் வாங்க வந்த கூட்டம் என் உரக்கடை வாசலில் நின்றிருந்தபோது போன் வந்தது. டாக்டர் இந்திராணியின் கிளினிக்கில் வேலை பார்க்கும் செல்வி பேசினார். டாக்டர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காலையில் இறந்துபோய்விட்டார்கள் என்றார். நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரமாகப் படுத்திருந்தார். தேறி வருகிறார் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. டி.ஏ.பி. இருக்கா இல்லையா என்று கேட்ட மனிதரிடம் கத்திவிட்டேன். அவரும் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்தான். விஷயத்தைச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டை வாங்காமலே போய்விட்டார்.

பல் டாக்டராக அவரை ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஸ்மில் களத்தில் அவரைத் தெரிந்தவர்கள் அங்கே கார் ஓட்டக் கூடும் நாம் சில பேர்தான். இதை நமக்காகத்தான் எழுதுகிறேன். வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் ஓட்டுவது பொம்மைக் கார் இல்லை. முழங்கை நீளத்தில், பேட்டரியில் ஓடும் டூரிங் கார் என்ற வகை ரேஸ் வண்டி. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவது. நேர் ரோட்டில் ஸ்கூட்டரை முந்திவிடும். நெல் காயப்போடாத மாதங்களில் மில்காரர் சிமெண்ட் களத்தை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். ஓட்டுவது நான். வண்டியைக் கட்டுவது, கழற்றுவது, துடைப்பது, திரும்பக் கட்டுவது எல்லாம் டாக்டர். ஒரே வண்டிக்கு இரண்டு பேர் என்றால் சண்டைக்குக் கேட்க வேண்டுமா? களத்துக்குப் போன எந்த ஞாயிறும் சண்டை தவறியதில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பல்லை அடைத்த பிறகு, கடித்துப் பாருங்கள் என்று ஒரு நீலத் தாளைக் கொடுப்பார்களே, அதைத்தான் மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் விட்டுச் சுற்றுவார். தாளில் விழுந்த தடத்தை வெளிச்சத்தில் பார்த்து, இறுக்கமா தளர்வா என்று சொல்வார். வண்டியின் அடிவயிற்றைப் பார்க்க வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடி. பல் இடுக்கைச் சுரண்டும் கொக்கியால்தான் பேரிங்கில் சிக்கிய தவிட்டை எடுப்பார். அந்தக் கொக்கியைத் திங்கட்கிழமை எங்கே வைப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். முறைத்தார். அன்றிலிருந்து எனக்குப் பல்வலி வந்தால் திருவாரூர் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வண்டியில் எதை மாற்றினாலும் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் கூரியரில் புது ஸ்பிரிங், புது டயர், புது டிஃபரன்ஷியல் எல்லாம் வரவழைத்துவிட்டு, இன்றைக்கே மாட்டிவிடலாம் என்று குதிப்பேன். எல்லாவற்றையும் வாங்கி, பல் அச்சுகள் வைத்திருக்கும் அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவார். ஒரு நாள் நான் ரொம்பத்தான் கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டை மாத்தி வண்டி நல்லா ஓடுச்சுன்னா, எதனால ஓடுச்சுன்னு யாரைப் போய்க் கேப்பீங்க மூர்த்தி?" என்றார். புது டயரை மட்டுமாவது கொடுங்கள் என்று பேரம் பேசினேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மாலை கிளினிக்குக்குப் போயிருந்தேன். கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவரை வேறு டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படி அவர் அனுப்பி நான் பார்த்ததே இல்லை. ஆள் போனதும் வலது கையை மேஜை மேல் நீட்டி வைத்தார். விரல்கள் தாமாக ஆடின. பார்க்கின்சன், நடுக்குவாதம் என்றார், பல் சொத்தை என்று சொல்கிற அதே குரலில். பிறகு, "இந்த வருஷக் கோயம்புத்தூர் ரேஸ் போட்டில கடைசி ஃபைனல்ல பத்து வண்டி நிக்கும்ல, அதுல ஒண்ணு நம்ம வண்டியா இருக்கணும். நான் கட்டின வண்டி. அடுத்த வருஷம் இந்தக் கை நான் சொன்னா கேக்காது" என்றார். ஆகட்டும் டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நம் களம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு கூட்டினாலும் உமியும் தூசியும் போகாது. வழுக்கல்தான் நமக்கு எதிரி. அதனால் அந்த வருஷம் முழுக்க, ஒவ்வொன்றாக, வண்டியைத் தரையைப் பிடித்து ஓடும்படி மாற்றிக்கொண்டே வந்தோம். மெத்தென்ற டயர், இளகின ஸ்பிரிங், கொஞ்சம் தூக்கின உடம்பு. களத்தில் எங்களை அடிக்க ஆளில்லை. அந்தத் தெம்போடு கோயம்புத்தூர் போய் இறங்கினோம். அங்கே ஒரு மண்டபத்தில் தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். தூசி என்பதே இல்லை. முதல் வளைவில் நம் டயர் கம்பளத்தைக் கவ்வியது, கவ்வியதை விடவில்லை, வண்டி பல்டி அடித்துக் குப்புற விழுந்தது. அடுத்த வளைவிலும் அதேதான். பக்கத்து மேஜைக்காரர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். உமியில் ஓடக் கற்றுக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

தகுதிச் சுற்று மூன்று, அதில் நன்றாக ஓடிய ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முதல் இரண்டில் வண்டி கவிழ்ந்த நேரம்தான் அதிகம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் டாக்டர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஸ்பிரிங்கை மாற்றுவோம், உடம்பை இறக்குவோம், எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று பொரிந்து தள்ளினேன். இப்போதாவது உங்கள் சட்டத்தைத் தூக்கி மூலையில் போடுங்கள் என்றேன். அவர் கேட்கவே இல்லை. வண்டி சாயும்போது முன் டயரின் வெளிப்பக்கச் சுவர்தான் கம்பளத்தில் குத்துகிறது, அந்தச் சுவரில் பசை பூசிக் கெட்டியாக்கிவிட்டால் குத்தாமல் சறுக்கும், அது ஒன்றுதான் வேண்டும் என்றார். பசை என்றால் தொட்ட நொடியில் பிடித்துக்கொள்ளும் பசை. ஒரு சொட்டு வழிந்து தரையில் படும் பகுதிக்கு வந்தால் டயர் குப்பைக்குத்தான் போகும். போட்டி விதிப்படி வேறு டயர் போடவும் முடியாது.

நான் பூசுகிறேன் என்று கையை நீட்டினேன். என் கையைப் பார்த்தார். பதற்றத்தில் அது அவர் கையை விட மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பல்லுல வேலை பாக்கறப்ப பக்கத்துப் பல்லுல ஒரு விரலை ஊனிக்குவோம். அது இருந்தா போதும். உங்க விரலை இங்க வைங்க" என்றார்.

வீலை ஒரு ஸ்க்ரூ டிரைவரில் கோத்து இடது கையால் நான் மெல்லச் சுற்றினேன். வலது கை ஆள்காட்டி விரலை மடக்கி, டயரை ஒட்டி மேஜை மேல் வைத்தேன். அந்த மூட்டின் மேல் தன் மோதிர விரலை ஊன்றிக்கொண்டு டாக்டர் பசைக் குழாயைச் சாய்த்தார். நான் மூச்சு விடவில்லை. அவர் விட்டாரா என்று தெரியாது. முதல் டயர் முடிந்தது. இரண்டாவது முடிகிற நேரத்தில், அடுத்த சுற்றுக்காரர்கள் வண்டி ஓட்டும் மேடைக்கு வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. குழாய் முனையில் மிச்சமிருந்த பசை வழிந்து, அவர் விரலும் என் மூட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பசையைக் கரைக்கும் திரவம் யாரிடமாவது இருக்குமா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். மைக்கில் இரண்டாம் முறை என் பெயரைச் சொன்னார்கள். டாக்டர் மருத்துவமெல்லாம் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை ஒரே இழுப்பில் பிய்த்தார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, நான் சக்கரங்களை வண்டியில் மாட்டியதும் "போங்க" என்றார். அவர் தோல் கொஞ்சம் என் விரலில் இருந்தது. அதோடுதான் ரிமோட்டைப் பிடித்தேன்.

முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. உள்பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வெளிப்பக்க டயர் ஒரு சாண் சறுக்கியது, வண்டி திரும்பத் தரைக்கு வந்து ஓடியது. அடுத்த வளைவும் அப்படியே. அந்தச் சுற்று முடியும்வரை நான் டாக்டர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன். பெயர்ப்பட்டியல் போட்டபோது பத்தாவதாக நம் வண்டி இருந்தது. ஃபைனலில் கடைசியாகக் கிளம்பினோம், ஒன்பதாவதாக வந்தோம். ஒரு தடவைகூடக் கவிழவில்லை. திரும்பி வரும்போது வேனில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், திருச்சி தாண்டியதும் கேட்டார்.

"போட்டி முடிஞ்சதும் நடுவருங்க டயரை சோதிச்சாங்களே, என்ன சொன்னாங்க?"

"பசை மயிரிழை மாதிரி இருக்கு, யார் பூசினதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க டாக்டர்னு சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதம் கிளினிக்கில் பல் பிடுங்குவதில்லை என்று போர்டு எழுதி மாட்டினார். களத்துக்கு மட்டும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் சாமான்களையெல்லாம் செல்வி ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அது களத்தில்தான் இருக்கிறது, நம் எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. அன்றைக்கு அவர் விரல் என் மூட்டின் மேல் இருந்த நேரம் முழுக்க அந்தக் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்த நடுக்கம் ஒரு துளிகூட டயருக்குப் போகாமல் மொத்தமும் என் எலும்பில் இறங்கியது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.